வலி போன பிறகு வந்த சிக்கல்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கிடைக்கச் செய்யவே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கிடைத்த மாத்திரையைப் பலர் பாதியில் நிறுத்திவிட, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு காரணம் இருக்கிறது.

விடியற்காலை ஐந்து மணி. மாஹிம் ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். கையில் டப்பாவோடு பொதுக் கழிப்பறை வாசலில் நிற்பவர்கள் இன்னொரு பக்கம். மும்பைத் தமிழில் இதற்கு 'சண்டாஸ்' என்று பெயர். வரிசை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே போனவர் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டால் கதவு தட்டப்படும். இன்னும் தாமதித்தால் குரல் உயரும். வேலைக்குப் போகிறவர்களுக்காக ரயில் காத்திருக்காது.

இந்த வரிசையில் புற்றுநோய்க்காரர் ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குட்கா கொடுத்த வாய்ப் புற்று. அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இனி வலியைக் குறைப்பதுதான் வழி என்று டாக்டர்கள் மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே வலி தணிந்து, வாரக்கணக்கில் தூங்காத மனிதர் தூங்கினார். வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நான்காம் நாள் வயிறு கல்லாக இறுகிவிட்டது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போகிறார். ஒன்றும் நடக்கவில்லை. கதவு தட்டப்படுகிறது. வெறுமனே திரும்புகிறார். ஆறாம் நாள், யாரிடமும் சொல்லாமல், மாத்திரையை நிறுத்திவிடுகிறார். வலி திரும்பி வருகிறது. 'வலியையாவது பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கலாம்' என்பது அவர் கணக்கு.

இப்படியொரு கணக்குப் போடுகிற நோயாளிகளை வலி நிவாரண மருத்துவர்கள் எல்லா ஊரிலும் பார்க்கிறார்கள். மார்ஃபின் என்றதும் சொந்தக்காரர்கள் பயப்படுவது போதைப் பழக்கத்துக்கு. நோயாளியை உண்மையில் தோற்கடிப்பது பெரும்பாலும் மலச்சிக்கல். இதைத் தடுக்கும் மருந்து விலை குறைந்தது, எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது. அப்படியும் அது நோயாளியின் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் வேடிக்கை. வேதனை என்றும் சொல்லலாம்.

மார்ஃபின் வலியை மூளையிலும் தண்டுவடத்திலும் அடக்குகிறது. அது ஒட்டிக்கொள்கிற அதே வகை ஏற்பிகள் குடலின் சுவரிலும் ஏராளமாக இருக்கின்றன. மருந்துக்கு இடம் பார்த்துப் போகத் தெரியாது. அங்கேயும் போய் ஒட்டிக்கொள்கிறது. உணவை அலை அலையாக முன்னே தள்ளும் குடல் அசைவு மந்தமாகிறது. சரக்கு ஒரே இடத்தில் நெடுநேரம் தங்குவதால் அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் கல். ஆசனவாயின் சுருக்குத் தசை இறுகுகிறது. போக வேண்டும் என்ற உணர்ச்சியும் மழுங்கிப்போகிறது.

மார்ஃபின் தரும் மற்றத் தொல்லைகள் சில நாளில் விலகிவிடும். ஆரம்பத்தில் குமட்டும், உடம்பு பழகிக்கொள்ளும். தூக்கம் தூக்கமாக வரும். அதுவும் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். மலச்சிக்கலுக்கு மட்டும் உடம்பு பழகுவதில்லை. மருந்து எத்தனை மாதம் ஓடுகிறதோ அத்தனை மாதமும் அது கூடவே இருக்கும். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மார்ஃபின் மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. டிரமடால், கோடீன் போன்ற அதன் சிறிய உறவினர்களும் இதையே செய்கின்றன. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் குடலின் நரம்புகளைத் தாக்குகிறது. குழந்தைகளும் இதில் அவதிப்படுவதுண்டு. கீமோதெரபியின் வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான், சோகைக்குத் தரும் இரும்பு மாத்திரை, இவையும் வயிற்றைக் கட்டும். சாப்பாடு குறைந்து, நடமாட்டம் நின்று, தண்ணீரும் குறைந்துவிட்ட உடம்பு. புற்று எலும்புக்குப் பரவினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதற்கும் முதல் அறிகுறிகளில் ஒன்று மலச்சிக்கல். எல்லாம் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றன. ஆகவே புற்றுநோயாளியின் மலச்சிக்கலை, மற்றவர்களுக்கு எப்போதோ வருகிற மலச்சிக்கலைப் போல நினைப்பது தப்பு.

மார்ஃபின் இந்த நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த கதையே நீளமானது. ஓபியத்தைச் சட்டப்படி பயிரிட்டு, கட்டி ஓபியமாகவே ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி விளைகிறது. ஆனால் 1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, உரிமங்களுக்கும் கடும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. நாட்டின் மார்ஃபின் உபயோகம் 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்து, 1997ல் வெறும் 18 கிலோவுக்கு வந்து நின்றது. இத்தனை கோடி ஜனங்களுக்கு 18 கிலோ!

எதிர்நீச்சல் போட்டவர்கள் சிலர். மாஹிம் கழிமுகத்தைத் தாண்டினால் பாந்த்ரா. மெழுகில் செய்த கை, கால்களை வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைக்கும் மவுண்ட் மேரி குன்றின் மேல், டாடா மருத்துவமனையின் அறுவை நிபுணர் டாக்டர் எல்.ஜே. டிசோசா 1986ல் சாந்தி அவேதனா சதனைத் தொடங்கினார். முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிப்பதற்கென்று இந்தியாவில் எழுந்த முதல் இல்லம் அது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967ல் ஆரம்பித்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இந்த வகை இல்லங்களுக்கெல்லாம் முன்னோடி. உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைத்துப் புத்தகம் வெளியிட்டதும் அதே 1986ல்தான். 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சிகிச்சை மையம், கேரளம் முழுக்கப் பரவியது. கடைசியில் 2014ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டிய நிலையை நீக்கியது.

இவ்வளவு பாடுபட்டு வந்த மாத்திரையை நோயாளி ஒரு வாரத்தில் தூக்கி எறிந்தால்?

நோய்த் தணிப்பு மருத்துவத்தில் ஒரு பழைய பாடம் உண்டு: மார்ஃபின் எழுதும் கையே மலமிளக்கியையும் எழுத வேண்டும். சிக்கல் வந்த பிறகு அல்ல, முதல் மாத்திரையோடு சேர்த்து. பாடம் இத்தனை எளிமையாக இருந்தும் சீட்டில் பல நேரம் அது விடுபட்டுப் போகிறது. இன்னொன்றும் நடக்கிறது. டாக்டர் எழுதியிருப்பார், குடும்பம் வாங்காது. 'அதான் வலி மாத்திரை இருக்கே, பேதி மாத்திரை வேற எதுக்கு' என்று மிச்சம் பிடிக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். பட்டியலில் முக்கியமில்லாததாகத் தெரிவதும் அதுதான்.

கூச்சம் வேறு. பேச்சே கிடையாது. தாராவித் தமிழ்க் குடும்பத்தில் மாமனார் மருமகளிடம் இதைச் சொல்ல முடியாது. அம்மா மகனிடம் சொல்லமாட்டாள். ஒரே அறையில் ஏழு பேர் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒவ்வொருவரும் தனி. புறநோயாளி பிரிவில் டாக்டருக்கு முன்னால் உட்காரக் கிடைக்கும் சில நிமிடமும் ஸ்கேனுக்கும் ரத்த அறிக்கைக்குமே சரியாகப் போய்விடுகிறது. 'வெளிக்குப் போகிறதா?' என்று அவர் கேட்காவிட்டால், இவர் சொல்லப்போவதில்லை. கேட்டாலும், பக்கத்தில் மருமகள் நின்றால், 'போகுது டாக்டர்' என்றுதான் பதில் வரும்.

எனவே கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும் என்கிறது இந்தத் துறை. கடைசியாக எப்போது போனீர்கள்? எவ்வளவு? கல்லு கல்லாகவா, மிருதுவாகவா? முக்க வேண்டியிருக்கிறதா? போன பிறகும் பாக்கி இருப்பது போல் தோன்றுகிறதா? நோய் வருவதற்கு முன்னால் பழக்கம் எப்படி? தினம் இரண்டு தடவை போனவருக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்பதே சிக்கல்தான். வீட்டில் காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் போதும். பால் கணக்கு எழுதுகிற வீட்டுக்கு இது பெரிய வேலையல்ல. மூன்று நாள் புள்ளி இல்லையென்றால் டாக்டருக்குத் தெரியவேண்டும்.

வீட்டுக்குத் தெரிந்துவிட்டாலோ, வைத்தியம் குவியும். இரண்டு வாழைப்பழம், கீரை, வெதுவெதுப்பான தண்ணீர், பேரீச்சம்பழம். நல்ல உடம்பு உள்ளவருக்கு இவை போதும். வாயே திறக்க முடியாமல், மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றப்படுகிறவரிடம் 'நார்ச்சத்து சாப்பிடுங்க' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதைவிட மோசம் இசப்கோல். இந்த உமி தண்ணீரை உறிஞ்சி உப்பி, மலத்துக்குப் பருமன் கொடுத்து, அந்தப் பருமன் குடலைத் தூண்டுவதால்தான் சாதாரண மலச்சிக்கலைத் தீர்க்கிறது. மார்ஃபினால் அசையாமல் கிடக்கும் குடலில், தண்ணீரும் குடிக்க முடியாதவர் அதைச் சாப்பிட்டால், உப்பிய உமி நகராமல் உட்கார்ந்து அடைப்பாகவே மாறலாம். ஒரு லாரி நிற்கும் சந்தில் இன்னொரு லாரியை நுழைத்தது போல. விளக்கெண்ணெய் தினசரி மருந்தாகாது. ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு போகும், வயிற்றை முறுக்கும், வற்றிப்போன உடம்பை இன்னும் வற்ற வைக்கும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? தாராவித் தமிழர்களுக்கு ஆச்சரியம் தரும் செய்தி இங்கே இருக்கிறது.

மார்ஃபின் நோயாளிக்கு உலகமெங்கும் முதலில் எழுதப்படும் மலமிளக்கிகளில் ஒன்று சென்னா. இது ஒரு செடியின் இலையிலிருந்தும் காயிலிருந்தும் எடுக்கப்படுவது. தமிழில் நிலாவரை, நிலாவாகை என்றும் சொல்வார்கள். அரபு நாட்டிலிருந்து வந்து, திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலத்தில் வேரூன்றிய செடி இது. மஞ்சள் பூ பூக்கும். அதிகம் தண்ணீர் கேட்காது. பறித்துக் காயவைத்த இலை தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறி, உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரையே வாங்கிவிட்டது. லண்டனிலும் நியூயார்க்கிலும் மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயர் இடம்பெற இந்தப் பேதி இலை காரணம். அல்வாவுக்கு அந்தப் பெருமை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து குடியேறியவர்களில் பெரும்பகுதி அதே திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள், தாத்தாவின் ஊரில் விளைந்த மருந்து இருக்கிறது என்று தெரியாமலே, மெடிக்கல் ஷாப்பில் இசப்கோல் பொட்டலம் கேட்கிறார்கள்.

சென்னாவின் வேலை நூதனமானது. விழுங்கியதும் அது சும்மா இருக்கிறது. இரைப்பையையும் சிறுகுடலையும் தாண்டிப் பெருங்குடலுக்குப் போன பிறகு, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து விழிக்க வைக்கின்றன. அது பெருங்குடலின் சுவரைத் தூண்டி, நின்றுபோன அசைவை மறுபடி கிளப்புகிறது. மார்ஃபின் எதை நிறுத்தியதோ அதையே இது நடத்துகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ஆகவே இரவு படுக்கும்போது கொடுத்தால் காலையில் பலன். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குறைவாக ஆரம்பித்து, மிருதுவாகப் போகும் வரை ஏற்றிக்கொண்டு போவார்கள். மார்ஃபின் அளவு கூடினால் இதன் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டிவரும். சிறுநீர் செம்பழுப்பாகலாம், ரத்தம் என்று பயந்து நிறுத்தத் தேவையில்லை, டாக்டரிடம் சொன்னால் போதும். நாட்டு மருந்துக் கடையில் இலையை வாங்கிக் கஷாயம் வைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஒரு பிடிக்கும் இன்னொரு பிடிக்கும் வீரியம் மாறும். மாத்திரையில் அளவு நிச்சயம்.

சென்னா போதாவிட்டால், அல்லது வயிற்றை முறுக்கினால், வேறு மருந்துகள் இருக்கின்றன. பைசகோடில் இதே போலத் தூண்டுவது. லாக்டுலோஸ் சிரப், பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி இரண்டும் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகின்றன. லாக்டுலோஸ் இனிப்பு, சிலருக்கு வாயு சேர்ந்து வயிறு உப்பும், பலன் தெரிய ஒன்றிரண்டு நாளாகும். தூண்டுவது ஒன்று, இளக்குவது ஒன்று என்று சேர்த்துக் கொடுப்பதும் வழக்கம். எல்லாச் சேர்க்கையும் பலன் தருவதில்லை. டாக்குசேட் என்ற இளக்கி மருந்தைச் சென்னாவோடு சேர்ப்பதால் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை என்று கனடாவில் அந்திமகால இல்லங்களில் நடந்து 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. குடலில் மட்டும் மார்ஃபினைத் தட்டிவிட்டு, மூளையில் அதன் வேலையைக் கெடுக்காத புது ஊசி மருந்துக்கு 2008ல் அமெரிக்கா அனுமதி தந்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு யோசிக்க வேண்டியது அது. ஆரம்பிக்க வேண்டிய இடம் திருநெல்வேலி இலைதான்.

ஒரு பெரிய ஏமாற்று வேலையையும் வயிறு செய்வதுண்டு. பத்து நாள் கட்டிக்கிடந்த பிறகு திடீரென்று தண்ணீராகப் போக ஆரம்பிக்கும். துணியெல்லாம் நனையும். குடும்பம் 'அப்பாடா, இறங்கிடுச்சு' என்று நினைக்கும். அல்லது பேதி என்று பயந்து, அதை நிறுத்தும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கும். உண்மையில் நடப்பது வேறு. ஆசனக் குழாயில் மலம் கல்லாக அடைத்திருக்க, மேலே தேங்கிய தண்ணீர் மட்டும் அதன் ஓரமாகக் கசிகிறது. அடைத்த சாக்கடையின் மேலாக வழிகிற தண்ணீர் போல. இந்த நேரத்தில் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்புக்கு மேல் அடைப்பு. டாக்டரோ நர்ஸோ விரலால் பரிசோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. கூச்சத்தால் அந்தப் பரிசோதனையும் தள்ளிப்போகிறது.

எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து எல்லாம் நல்ல ஆயுதங்கள்தான். கீமோதெரபி ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டிலேயே அவற்றைக் கையாளக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி ரத்தத்தில் நுழைய. தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொன்ன பிறகே.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. வயிறு உப்பி, விட்டு விட்டு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லையென்றால் கட்டி குடலையே அடைத்திருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுப்பது ஆபத்து. முதுகு வலியோடு கால் மரத்துப்போய் அல்லது பலமிழந்து, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதுகுத் தண்டில் புற்று அழுத்துகிறதென்று சந்தேகிக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால்கள் போய்விடும். நோயாளி குழம்பிப் பேசி, ஓயாமல் தாகமெடுத்து, மலமும் கட்டினால் கால்சியம் பார்க்க வேண்டும். இவை மூன்றும் மலச்சிக்கலின் வேஷத்தில் வருகிற வேறு ஆட்கள்.

மருந்து சரியாக அமைந்தாலும் தாராவியில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. மிச்சம் இடப் பிரச்சினை.

காலை ஆகாரம் வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாகவே ஒரு தள்ளு தள்ளும். உடம்பின் இயற்கை அது. அந்த அரைமணி நேரத்தை வீணாக்காமல் போய் உட்கார வேண்டும் என்பதே எல்லா நாட்டு மருத்துவர்களும் சொல்லும் ஆலோசனை. தாராவியில் அந்த அரைமணி நேரத்தில்தான் வரிசை மிக நீளம். 2020ல் கொரோனா பரவியபோது இந்தப் பொதுக் கழிப்பறைகள் நாடு முழுக்கச் செய்தியாயின. கழிப்பறைக் கதவைத் தள்ளும் கை, குழாயைத் திறக்கும் கை என்று கிருமி பரவும் வழியை எல்லோரும் பேசினார்கள். வரிசையில் நிற்க முடியாத நோயாளியைப் பற்றி அப்போதும் பேச்சில்லை.

வீடு என்பது ஒரு 'கோலி'. மூலையில் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் ஒரு 'மோரி'. மேலே இன்னொரு தளம் போட்டிருந்தால் ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. நோயாளியை 'அமைதியா இருக்கட்டும்' என்று மேலே படுக்க வைத்துவிடுவார்கள். மார்ஃபின் மயக்கத்தோடு அந்த ஏணியில் இறங்கி, சந்து தாண்டி, வரிசையில் நின்று, குத்துக்காலிட்டு உட்கார்வதற்குள் உந்துதல் அடங்கிப்போகும். அடக்கி அடக்கி, குடல் கேட்பதையே நிறுத்திவிடும். பெண்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். இரவில் வெளியே போக வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலுக்கு அதுவும் ஒரு கல்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, கொஞ்சம் வெட்கத்தை விட்டால் போதும். நோயாளியின் படுக்கை கீழே வர வேண்டும். நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் கமோடு நாற்காலி கிடைக்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவை அறுத்துத் தயாரித்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அடியில் ஒரு வாளி, மோரி ஓரம் ஒரு சேலைத் திரை. பாதத்துக்குக் கீழே ஒரு பலகை போட்டு முழங்காலை உயர்த்தினால் குத்துக்காலிட்ட நிலை கிடைக்கும். முக்க வேண்டியது குறையும். பலவீனமானவர் விழாமல் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. முக்கியமாக, காலை ஆகாரத்துக்குப் பிறகு அந்த இருபது நிமிடம் மற்றவர்கள் வெளியே போய் நிற்க வேண்டும். ஒரே அறைக் குடும்பத்தில் அதுதான் கஷ்டமான காரியம். டாடா மருத்துவமனையின் நோய்த் தணிப்புப் பிரிவு போன்ற இடங்களிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் குழுக்கள், மாத்திரை டப்பாவோடு இந்த ஏற்பாடுகளையும் பார்க்கிறார்கள். மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குத் தனிக் கழிப்பறையோடு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். அது வரும்போது வரட்டும். புற்றுநோயாளிக்கு நாளைக் காலையே வேண்டும்.

சிகிச்சை முடிந்தது என்று சொல்லப்பட்ட பிறகு, தாராவித் தமிழர்களில் பலருக்குத் தோன்றுவது ஒன்றே. ஊருக்குப் போய்விடலாம். மாஹிம் மாதா கோயிலில் புதன்கிழமை நொவேனா சொல்லியாயிற்று, மக்தூம் பாபா தர்காவில் சாதம் பேதமில்லாமல் போய் வேண்டிக்கொண்டாயிற்று. இனி சொந்த மண். லோக்கல் ரயிலில் ஊனமுற்றோர் பெட்டியில் ஏற அனுமதித்த ரயில்வே, ஊர் போகும் ரயிலிலும் புற்றுநோயாளிக்கும் உடன் போகிறவருக்கும் கட்டணச் சலுகை தருகிறது. தாதரிலிருந்தோ சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்தோ கிளம்பினால் திருநெல்வேலிக்கு ஒன்றரை நாளளவு பயணம்.

இந்த ஒன்றரை நாளில்தான் பலருக்கு எல்லாம் குலைகிறது. ரயில் கழிப்பறைக்குப் போக வேண்டாமே என்று சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், தண்ணீரைக் குறைக்கிறார்கள், 'வழியில் போகணும்னு ஆகிடப்போகுது' என்று மலமிளக்கியை நிறுத்திவிடுகிறார்கள். வலி மாத்திரை மட்டும் தவறாமல் போகிறது. ஊரில் இறங்கும்போது மூன்று நாள், நான்கு நாள் கட்டாகியிருக்கிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லவும் முடியாது. அங்கே மலமிளக்கியை எழுதித் தரும் டாக்டரும் இவருக்குப் புதியவர்.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முந்தைய இரண்டு நாளில் வயிறு நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட். கழிப்பறைக்குப் பக்கமாகக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்க வேண்டும். இரவு சென்னாவை ரயிலிலும் நிறுத்தக் கூடாது. மார்ஃபின் மாத்திரைக்கான சீட்டும் மருத்துவமனைக் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும். ஊரில் மார்ஃபின் வைத்திருக்கும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று இங்கிருக்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லா மருந்துக் கடையிலும் அது கிடைக்காது. அடுத்த மருத்துவமனையை எட்டும் வரைக்குமான மாத்திரையை எண்ணி வாங்கிக்கொண்டு ஏற வேண்டும்.

சென்னாவை எண்ண வேண்டியதில்லை. அது ஊரிலேயே எந்தக் கடையிலும் கிடைக்கும்.